கர்ப்பகாலத்தில் தைராய்டும் சர்க்கரையும்: நெல்லைப் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு வழிகாட்டி

தலைப்பிள்ளை உண்டாகியிருக்கும் பெண்ணும் அவள் அம்மாவும் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் கேட்கும் முதல் கேள்வி, "எல்லாம் நார்மலா இருக்குல்லா?" என்பதுதான். பாளையங்கோட்டையில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். அம்பாசமுத்திரம், களக்காடு, மானூர், நாங்குநேரி என்று நாலா பக்கமிருந்தும் கர்ப்பிணிகள் வருகிறார்கள். தைராய்டைக் காட்டும் டி.எஸ்.எச். என்ற வரிக்கு எதிரேயோ சர்க்கரை என்ற வரிக்கு எதிரேயோ எண் தடித்த எழுத்தில் இருந்துவிட்டால் அம்மாவின் முகம் வாடிவிடும். வாடத் தேவையே இல்லை. இரண்டையும் கட்டுக்குள் வைத்து நல்லபடியாகப் பிள்ளை பெற்றவர்கள் நம் ஊரில் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள்.

மருந்தின் அளவைச் சொல்வது டாக்டரின் வேலை, அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் இந்த இரண்டு தொந்தரவிலும் குளறுபடி நடப்பது பெரும்பாலும் நேரத்தில். எந்த மாத்திரையை எப்போது போட வேண்டும், எந்த டெஸ்டை எந்த வாரம் எடுக்க வேண்டும், தாய்வீட்டுக்குப் போகும்போது ஃபைல் யார் கையில் இருக்க வேண்டும் என்பவை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியவை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பதிவும் முதல் ரத்தமும்

கர்ப்பம் உறுதியானதும் உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைப் பதிந்து, பிக்மி எண் எனப்படும் கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்ணை வாங்கிவிடுங்கள். தனியார் ஆஸ்பத்திரியில் பார்ப்பவர்களுக்கும் இது வேண்டும். டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும், பிறகு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும் இந்த எண்ணைத்தான் கேட்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாள் எது என்பதைச் செவிலியரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். இது போக ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கென்று தனி முகாம் நடக்கும்.

முதல் ரத்தப் பரிசோதனையிலேயே சர்க்கரை பார்ப்பார்கள். தைராய்டு எல்லா இடத்திலும் தானாக எழுதப்படும் என்று இருந்துவிடாதீர்கள். அம்மாவுக்கோ அக்காவுக்கோ தைராய்டு உண்டு, முன்பு கரு கலைந்திருக்கிறது, குழந்தை தங்க வெகுநாள் ஆனது, உடல் எடை அதிகம், வயது 30 தாண்டிவிட்டது, கழுத்தில் வீக்கம் தெரிகிறது, சிறுவயதிலிருந்தே சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார் என்பதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் வாய்விட்டுக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கர்ப்பமானதும் உடம்புக்கு இந்த ஹார்மோன் கூடுதலாகத் தேவைப்படும், பெரும்பாலும் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை. அதனால் நாள் தள்ளிப்போன அந்த வாரமே டாக்டருக்குச் சொல்லுங்கள், மூன்றாம் மாதம் ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். "கர்ப்பமா இருக்கும்போது மாத்திரை எதுக்கு?" என்று யாராவது சொல்லி நிறுத்திவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனசு பதறும். கருவின் தைராய்டுச் சுரப்பி 12-ஆம் வாரத்துக்குப் பிறகுதான் வேலையைத் தொடங்கும், அது முழுதாகத் தேறுவதற்கு இன்னும் பல வாரம் ஆகும். அதுவரை பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு அம்மாவின் ரத்தத்தில் இருக்கும் ஹார்மோன்தான் கதி. இந்த மாத்திரை உடம்பில் இயல்பாகச் சுரப்பதன் நகல்தான், பிள்ளைக்குக் கெடுதல் செய்யாது.

எண்ணைப் படிப்பது

டி.எஸ்.எச். கூடியிருந்தால் தைராய்டுச் சுரப்பு குறைவு என்று அர்த்தம். இது புதிதாகக் கேட்பவர்களைக் குழப்பும், ஆனால் மூளை அனுப்பும் கட்டளைதான் டி.எஸ்.எச். சுரப்பி மந்தமாக இருந்தால் கட்டளை உரத்து வரும்.

முதல் மூன்று மாதத்தில் 2.5-க்குள், அதற்குப் பிறகு 3-க்குள் இருக்க வேண்டும் என்று 2014-ல் மத்திய அரசின் வழிகாட்டுதல் சொன்னது. 2017-ல் வந்த அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் வழிகாட்டுதல், அந்தந்த ஊர் மக்களுக்கான அளவு கிடைக்காவிட்டால் ஏறத்தாழ 4 வரை ஏற்கலாம் என்றது. அதனால் 3.2 வந்த ஒரு பெண்ணுக்கு ஒரு டாக்டர் மாத்திரை எழுதுவார், இன்னொருவர், தைராய்டைத் தாக்கும் எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் இருக்கிறதா என்று ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்பார். இரண்டிலும் தப்பில்லை. ஒரு டாக்டரைப் பிடித்துக்கொண்டு அவர் சொல்வதைக் கேளுங்கள். 10-க்கு மேல் போனால் அங்கே இரண்டு கருத்துக்கு இடமில்லை, அன்றே மருந்து தொடங்க வேண்டும்.

டி.எஸ்.எச். மிகக் குறைவாக வந்தாலும் உடனே பயப்பட வேண்டாம். முதல் மாதங்களில் கர்ப்ப ஹார்மோனே சுரப்பியைத் தூண்டிவிடும். வாந்தி அதிகம் இருப்பவர்களுக்கும் இரட்டைப் பிள்ளை சுமப்பவர்களுக்கும் இது கூடுதலாகத் தெரியும், பிறகு தானாக அடங்கும். ஆனால் நெஞ்சுப் படபடப்பு, கை நடுக்கம், எடை இறக்கம், கண் துருத்தல் இருந்தால் அது அதிகச் சுரப்பு நோயாக இருக்கலாம். அதற்கான மருந்து முதல் மூன்று மாதத்துக்கு ஒன்று, பிறகு ஒன்று என்று மாறும், ஆகவே சிறப்பு மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தைராய்டு டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிட்டு வாருங்கள். அது சில கருவிகளில் எண்ணையே மாற்றிக் காட்டிவிடும்.

காலை நேரம்

தைராய்டு மாத்திரையில் வெற்றி தோல்வி முழுவதும் காலை எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் இருக்கிறது. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் மாத்திரை. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காப்பி. நம் வீடுகளில் எழுந்ததும் காப்பித் தம்ளர் கைக்கு வந்துவிடும். "ஏளா, வாயும் வயிறுமா இருக்கே, ஒரு வாய் காப்பி குடிச்சா என்ன?" என்று ஆச்சி பாசத்தோடுதான் நீட்டுவார். "ஆச்சி, மாத்திரை போட்டிருக்கேன், ஏழு மணிக்குக் குடுங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பிறகு ஆச்சியே கடிகாரத்தைப் பார்ப்பார்.

அடுத்தது இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும். இவை இரண்டும் தைராய்டு மாத்திரையைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்துக்குப் போக விடாது. நான்கு மணி நேர இடைவெளி கட்டாயம். எங்கள் லேபுக்கு வருகிறவர்களிடம் நான் சொல்லும் கணக்கு இது: காலை 6 மணிக்குத் தைராய்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கால்சியம், இரவு இரும்பு. இரும்பும் கால்சியமும்கூட ஒன்றாகச் சேரக்கூடாது என்பதால் இந்தப் பிரிவு எல்லோருக்கும் பொருந்தும். அரசு தரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் இரும்புச்சத்து டானிக் இருக்கும், அதற்கும் இதே கணக்குதான். டானிக்தானே என்று காலையில் குடித்துவிடாதீர்கள்.

மசக்கையில் எழுந்ததும் வாந்தி எடுக்கிறவர்கள் மாத்திரையை இரவுக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடுவதும் ஏற்கத்தக்க வழிதான். அப்படி மாற்றினால் இரும்பு மாத்திரையை அங்கிருந்து நகர்த்த மறக்க வேண்டாம்.

மாத்திரைப் புட்டியை அடுப்பு மேடையிலும் டி.வி. பெட்டிக்கு மேலும் ஜன்னல் ஓரத்திலும் வைக்காதீர்கள். வெயிலிலும் ஈரத்திலும் அதன் வீரியம் போய்விடும், சித்திரை வைகாசியில் நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். புட்டியிலிருந்து வேறு டப்பாவுக்கு மாற்றவும் கூடாது. மருந்துக்கடையில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

அளவு தொடங்கினாலோ மாற்றினாலோ நான்கு வாரத்தில் மறுபடி டெஸ்ட். கர்ப்பத்தின் பாதி வரை இப்படி நான்கு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு 30-ஆம் வாரத்தை ஒட்டி ஒரு முறையாவது பார்க்க வேண்டும். சமையலுக்கு அயோடின் உப்பு. உப்பளத்துக் கல்லுப்புதான் ருசி என்பவர்கள் பாக்கெட்டில் அயோடின் சேர்த்த கல்லுப்பு என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சர்க்கரைத் தண்ணீர் டெஸ்ட்

75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பது. எண் 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. நம் நாட்டில் ஒரே தடவை ரத்தம் எடுக்கும் இந்த முறை பரவக் காரணமானவர்களில் முன்னவர் சென்னை மருத்துவர் வீ. சேஷையா. அவர் பிறந்த மார்ச் 10-தான் இந்தியாவில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கப்படுகிறது. இந்த முறையின் பெரிய வசதி, பட்டினியாக வர வேண்டியதில்லை என்பது. பாபநாசம் பக்கத்திலிருந்து விடிகாலைப் பஸ் பிடித்து, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து, எங்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் தலைசுற்றிச் சாய்ந்த பெண்கள் உண்டு. டாக்டர் சீட்டில் எந்த டெஸ்ட் எழுதியிருக்கிறார் என்று முதல் நாளே லேபுக்குப் போன் செய்து கேளுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரையும் சேர்த்து எழுதியிருந்தால் மட்டும்தான் பட்டினி.

அந்தத் தண்ணீர் திகட்டும். மடக் மடக்கென்று ஒரே மூச்சில் இழுக்காமல், ஐந்து முதல் பத்து நிமிடத்தில் மெதுவாகக் குடித்து முடியுங்கள். பாதி தம்ளரில் சிலருக்கு வாய் ஊறும், கண் கலங்கும். அந்த நேரத்தில் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு மூக்கால் நிதானமாக மூச்சு விட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். குடித்து அரை மணிக்குள் வாந்தி வந்துவிட்டால் டெஸ்ட் செல்லாது, மறுநாள் திரும்ப வர வேண்டும். அரை மணி தாண்டிய பின் வந்தால் தொடரலாம். நடுவே எதையும் தின்ன வேண்டாம். காத்திருக்கும் நேரத்தில் தெற்கு பஜாருக்கு ஒரு நடை போய் வரலாம் என்று கிளம்பிவிடுகிறார்கள். நடந்தால் சர்க்கரை இறங்கும், எண் பொய்யாக வரும். அங்கேயே உட்கார்ந்திருங்கள், துணைக்கு வந்தவரைக் கடைக்கு அனுப்புங்கள்.

முதல் டெஸ்டில் 140-க்குள் வந்தால் விஷயம் முடியவில்லை. 24-லிருந்து 28-ஆம் வாரத்துக்குள் இன்னொரு முறை கட்டாயம் எடுக்க வேண்டும், ஏனென்றால் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுப்பது அப்போதுதான் மும்முரமாகும். "மூணாம் மாசம் பாத்தாச்சுல்லா" என்று இதைத் தட்டிக் கழிப்பவர்கள்தான் அதிகம்.

140 தாண்டிவிட்டால்

முதல் இரண்டு வாரம் பெரும்பாலும் சாப்பாடும் நடையும்தான் மருந்து. இரண்டு வாரம் கழித்துச் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் பார்க்கும்போது 120-க்குள் வந்துவிட்டால் அப்படியே தொடரலாம். வெறும் வயிற்றில் 95-க்குள் இருக்க வேண்டும். இறங்காவிட்டால் மெட்ஃபார்மின் மாத்திரை அல்லது இன்சுலின் ஊசி.

சாப்பாட்டைக் குறைப்பது என்று எடுத்துக்கொண்டு பட்டினி கிடக்காதீர்கள், பிள்ளைக்கு ஆகாது. செய்ய வேண்டியது பங்கு போடுவது. மூன்று வேளை அளவாக, நடுவில் இரண்டு மூன்று சிறு தீனி. காலையில் நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி என்றிருந்தால் இரண்டு இட்லி, காய் நிறையப் போட்ட சாம்பார், ஒரு அவித்த முட்டை. 11 மணிக்கு ஒரு கை பாசிப்பயறுச் சுண்டல். மதியம் சோறு ஒரு கப், தட்டில் பாதி காய். சொதி வைத்தால் உருளைக்கிழங்கை ஒதுக்கிவிட்டு முருங்கைக்காய், பீன்ஸ், கேரட்டை அள்ளிக்கொள்ளுங்கள், சோறு மட்டும் அளவு. உவரிப் பக்கத்துச் சாளையோ நெத்திலியோ குழம்பாக வைத்தால் நல்ல புரதம். படுக்கும் முன் ஒரு தம்ளர் சீனி போடாத பால், ராத்திரி இடைவெளி நீளாமல் இருப்பதற்கு.

கருப்பட்டி விஷயத்தில் ஒரு பிடிவாதம் எனக்கு உண்டு. "சீனிதான் கெடுதல், கருப்பட்டி நல்லது" என்று சொல்லி மூன்று வேளையும் கருப்பட்டிக் காப்பி கொடுக்கிறார்கள். கருப்பட்டியும் சர்க்கரைதான், ரத்தத்தில் ஏற்றத்தான் செய்யும். உளுந்தங்களி உடம்புக்கு வலு என்பது சரி, ஆனால் அதில் இறங்கும் கருப்பட்டிப் பாகு இந்த நேரத்துக்கு ஆகாது. உளுந்து வேண்டுமென்றால் உளுந்தம்பருப்புச் சோறு அளவாக, எள்ளுத் துவையலோடு சாப்பிடலாம். அங்கன்வாடிச் சத்துமாவில் வெல்லம் கலந்திருக்கும், பெட்டகத்தில் பேரீச்சம்பழமும் இருக்கும். இவற்றைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை, எவ்வளவு தின்னலாம் என்று டாக்டரிடம் காட்டிக் கேட்டுவிட்டுத் தின்னுங்கள். பழச்சாறும் பதநீரும் வேண்டாம். முழுப்பழமாக ஒரு கொய்யா போதும்.

சாப்பிட்ட பின் பத்துப் பதினைந்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடப்பது எண்ணை நன்றாக இறக்கும். ரத்தப்போக்கு, கருப்பை வாய்த் தையல் போன்று ஏதாவது இருந்து ஓய்வு சொல்லப்பட்டவர்களுக்கு இது பொருந்தாது.

இன்சுலின் என்றதும் "வாழ்நாள் பூரா ஊசியா?" என்று கலங்குகிறார்கள். கர்ப்பத்தில் வந்த சர்க்கரைக்குப் போடும் இன்சுலின் பெரும்பாலும் பிரசவத்தோடு நின்றுவிடும். அது நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போவதும் இல்லை. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், புட்டியைத் தண்ணீர் படாமல் ஒரு சின்ன டப்பாவில் போட்டு, ஈர மண்பானைக்குள் வைத்துக் காப்பாற்றலாம். ஃபிரீசரில் வைத்தால் மருந்து கெட்டுவிடும். கை நடுங்கி, வியர்த்து, பசி எடுத்துக் கண் இருட்டினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று பொருள்: மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரை ஒரு தம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடியுங்கள், பதினைந்து நிமிடத்தில் திரும்பப் பாருங்கள், சரியானதும் எதையாவது சாப்பிடுங்கள். ஊசி போடுகிறவர் பையில் குளுக்கோஸ் பாக்கெட் எப்போதும் இருக்கட்டும்.

வளைகாப்பும் தாய்வீடும்

இரண்டாவது சர்க்கரை டெஸ்ட் எடுக்க வேண்டிய அதே வாரங்களில்தான் ஏழாம் மாத வளைகாப்பும் வரும். பத்திரிகை அடிக்கும் முன்பே டெஸ்டை முடித்துவிடுங்கள். விழா முடிந்து தாய்வீட்டுக்குப் போய், அங்கே புது டாக்டரைப் பார்த்து, அவர் எழுதிக் கொடுப்பதற்குள் 30-ஆம் வாரம் வந்துவிடும். சித்ரான்னம் ஏழு வகை வைத்தாலும் எல்லாவற்றிலும் ஒரு வாய் எடுத்தால் சம்பிரதாயம் நிறைவேறிவிடும். சர்க்கரைப் பொங்கலையும் அல்வாவையும் ஊட்ட வருகிற மதினிமாரிடம் மாமியாரே முன்கூட்டிச் சொல்லிவிட்டால் பெண்ணுக்குத் தர்மசங்கடம் இல்லை.

மாமியார் வீட்டிலிருந்து கிளம்பும் பெண்ணோடு சீர்வரிசை போகிறது, ஃபைல் போவதில்லை. இதுதான் நான் அதிகம் பார்க்கும் ஓட்டை. பழைய டி.எஸ்.எச். எவ்வளவு, எந்தத் தேதியில் அளவு கூட்டினார்கள் என்று தெரியாமல் புது டாக்டர் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் உறையில் தாய் சேய் நல அட்டை, எல்லா ரத்த ரிப்போர்ட், ஸ்கேன், இப்போதைய மாத்திரைச் சீட்டு, அடுத்த டெஸ்ட் தேதி எழுதிய தாள், இவ்வளவையும் போட்டுப் பெண்ணின் கைப்பையில் வைக்க வேண்டும், சீர்த் தட்டுகளோடு கலக்கக்கூடாது. எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக் கணவருக்கும் அனுப்பிவிடுங்கள். தாய்வீடு வேறு ஊர் என்றால் அந்த ஊர் செவிலியருக்குப் பிக்மி எண்ணைச் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்கான மாத்திரையும் கூடவே போகட்டும்.

பிரசவம் எங்கே என்பதையும் இப்போதே பேசி முடியுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள், ரத்த அழுத்தமும் சேர்ந்தவர்கள் பச்சிளங்குழந்தைப் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அரசில் என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பிள்ளையின் அசைவு குறைந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ, முகம் கை வீங்கினாலோ, நீர்க்குடம் உடைந்தாலோ விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பிள்ளை பிறந்த பின்

அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் பிறந்த பிள்ளைக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். வயிற்றுக்குள் இருந்தவரை கூடுதலாக வந்த சர்க்கரைக்கு ஈடாகப் பிள்ளையின் உடம்பு இன்சுலினைச் சுரந்து பழகியிருக்கும், தொப்புள்கொடி வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடும், இன்சுலின் மட்டும் மிச்சம் இருக்கும். அதனால் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும், குதிகாலில் குத்திச் சில முறை சர்க்கரை பார்ப்பார்கள். அந்த நேரத்தில் சேனை தொட்டு வைக்கிறேன் என்று தேனையோ சீனித் தண்ணீரையோ யாரும் கொண்டுவர வேண்டாம். தேன் ஒரு வயதுக்குள் கூடவே கூடாது. மூன்றாம் நாள் வாக்கில் குதிகால் ரத்தத்தில் பிள்ளைக்கும் தைராய்டு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பிறவித் தைராய்டு குறைபாடு முகத்தில் தெரியாது, முதல் சில வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் மூளை பாதிக்கப்படாமல் காப்பாற்றிவிடலாம்.

அம்மாவின் தைராய்டு மாத்திரை, பிரசவம் முடிந்ததும் பெரும்பாலும் பழைய அளவுக்கு இறங்கும். கர்ப்பத்தில் சிறு அளவில் தொடங்கிய சிலருக்கு நிறுத்தியே விடுவார்கள். எதைச் செய்ய வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள். தாய்ப்பால் கொடுக்கும்போது இந்த மாத்திரை தாராளமாகச் சாப்பிடலாம். பிரசவ லேகியத்தில் கருப்பட்டி எவ்வளவு விழுகிறது என்று சர்க்கரை இருந்தவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆறாம் வாரம் இரண்டு டெஸ்ட்: டி.எஸ்.எச்., அப்புறம் மறுபடி 75 கிராம் குளுக்கோஸ். இந்த முறை மட்டும் பட்டினியாக வர வேண்டும். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், இரண்டு மணி நேரத்தில் 200 அல்லது அதற்கு மேல், இதில் எது வந்தாலும் சர்க்கரை நோய் தங்கிவிட்டது. இரண்டு மணி நேர எண் 140-க்கும் 199-க்கும் நடுவில் என்றால் எல்லைக்கோட்டில் இருக்கிறது. பிள்ளைக்குத் தடுப்பூசி போடுவதும் அதே ஆறாம் வாரம்தான், ஆகவே ஒரே நாளில் இரண்டையும் முடித்துக்கொள்ளுங்கள்: பிள்ளையைப் பாட்டி மடியில் வைத்துவிட்டு நீங்கள் ரத்தம் கொடுங்கள். நடுவில் பால் கொடுக்கலாம், அதற்குத் தடையில்லை. எண் சரியாக வந்தவர்களும் வருடத்துக்கு ஒரு முறை சர்க்கரை பார்க்க வேண்டும். அடுத்த பிள்ளைக்கு நினைக்கும்போது இரண்டு டெஸ்டையும் கர்ப்பத்துக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.